மைனஸ் மூன்று

மூன்றின் வர்க்கம் ஒன்பது. அதனால் வர்க்கம் ஒன்பது என்றாலே எண் மூன்றுதான் என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதித் தொலைத்திருந்தார்கள். மைனஸ் மூன்றை அவர்களில் யாரும் சீந்தவில்லை. வீட்டில் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே விடைத்தாள்களைத் திருத்திய கணக்கு டீச்சர் நிமிர்ந்தபோது, அவருடைய பீங்கான் கோப்பை உடைந்து கிடந்தது. மகள் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

“எதையாவது உடைச்சா நீ இப்படித்தான் வாயே திறக்க மாட்ட. இப்பவும் திறக்கல. அப்போ நீதான் உடைச்சிருக்க.”

“இதே தப்புக்குத்தானேம்மா இவ்வளவு நேரம் எல்லாரையும் திட்டின? பேசாம இருக்கறது நான் மட்டுமா?”

எப்போதும் தொணதொணக்கும் கணவர், யாரும் சொல்லாமலே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். “நீங்கதான்” என்று ஆரம்பித்த டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“யாரு உடைச்சது?”

சோப்பு நுரையோடு ஒரு கை மெல்ல உயர்ந்தது.