ஃப்ரிட்ஜுக்குப் பின்னால இருந்த தட்டு

என் வீட்டுத் தரையில சோத்தப் போட்டுச் சாப்பிடலாம்னு நானே நாலு பேர்கிட்ட பீத்திக்கிட்டுத் திரிஞ்சவ. அந்தத் திமிரெல்லாம் அன்னைக்குக் காலைல ஒரு கொசுவுல முடிஞ்சுது.

டெங்குல ஆறு நாள் ஆஸ்பத்திரியில கெடந்த என் பையனைக் கூட்டிக்கிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்னு வீட்டுக்காரர் போன் பண்ணியிருந்தார். நான் மெத்தை விரிப்ப மாத்திட்டு நிமிர்றேன், முழங்கையில ஒண்ணு உக்காந்திருக்கு. அடிச்சுப் பாத்தா அதோட காலெல்லாம் வெள்ளை வரி, டெங்குக் கொசு. அடுத்தது சமையல்கட்டுல. அங்கேயே இன்னொண்ணு. "மறுபடி வந்தா இதவிட மோசமாப் போகலாம், வீட்டுல கொசு இருக்கக் கூடாது"ன்னு டாக்டர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

வாளியக் கவுத்துப் பாத்தேன், குடத்தை எட்டிப் பாத்தேன், பாத்ரூம் மூலையெல்லாம் டார்ச் அடிச்சேன். பொட்டுத் தண்ணி இல்ல. அப்பத்தான் அந்தக் கொசு மருந்துக்காரர் ஞாபகம் வந்துச்சு.

பையன் ஆஸ்பத்திரியில சேர்ந்த மறுநாள் வந்த மனுஷன். "ஃப்ரிட்ஜக் கொஞ்சம் இழுங்கம்மா, பின்னால ஒரு தட்டு இருக்கும்"னார். எனக்குச் சுருக்குன்னு கோவம் ஏறிடுச்சு. "என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? தினம் ரெண்டு தடவை துடைக்கிற வீடு சார் இது. கீழ கிடக்கற பூந்தொட்டியப் போய்ப் பாருங்க"ன்னு விரட்டி விட்டேன். அதோட விட்டேனா? படியில நின்னு கீழ் வீட்டுத் தையல்காரிய, தெருவே கேக்கற மாதிரி, "உன் பூவுக்குத் தண்ணி ஊத்தி என் புள்ளையக் கொல்லப் பாத்தியேடி"ன்னு கிழிச்சேன். அவ சாயங்காலம் பதினோரு தொட்டியையும் ஒத்தையாத் தூக்கிக் குப்பையில போட்டா. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்தேன், சந்தோஷமா.

இப்ப அந்த ஃப்ரிட்ஜ் நான் ஒருத்தி இழுத்து அசையல. மணிய வேற பாக்கறேன். வெக்கத்தை மூட்டை கட்டி வச்சுட்டு, "ஒரு கை பிடிக்க வர்றியாம்மா"ன்னு கீழ குரல் குடுத்தேன். கழுத்துல அளவு டேப்போட ஏறி வந்தா. என் மூஞ்சியப் பாக்கல. பிளக்கப் பிடுங்கிட்டு ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா ஆட்டி ஆட்டி வெளிய இழுத்தோம்.

மோட்டாருக்கு மேல ஒரு கறுப்புத் தட்டு. உருகுற ஐஸ் தண்ணி குழாய் வழியா அதுலதான் சொட்டும். மோட்டார் சூட்டுல அதுவா வத்திடும். மத்த வீட்டுல வத்தும். நான்தான் சுத்தக்காரியாச்சே, ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டனை அமுக்கி ஐஸ உருக்கித் துடைக்கிறவ. பையன் ஆஸ்பத்திரியில கெடந்தப்பக்கூட அத விடல. அப்புறம் வத்த எங்க நேரம்?

டார்ச் அடிச்சேன். தண்ணி முழுக்கக் கொசுப்புழு. வெளிச்சம் பட்டதும் அத்தனையும் நெளிஞ்சு அடிக்குப் போச்சு. பக்கத்துல அவளும் பாத்துட்டா.

தட்ட ஒரு ஸ்க்ரூ பிடிச்சிருந்துச்சு. அவ இடுப்புல சொருகியிருந்த நூல் வெட்டுற குட்டிக் கத்திரிய எடுத்து, முனையால அதக் கழட்டினா. "சாச்சுடாதீங்க, கொட்டிரும்"னா. சிங்க்ல ஊத்தினா புழு குழாய்க்குள்ள தப்பிச்சுடும்னு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போயி, கொதிக்கற சிமெண்ட் தரையில கவுத்தோம். சோப்புப் போட்டு ஓரத்தை அவ தேச்சா, முட்டை அங்கதான் ஒட்டியிருக்கும்னு. நான் கெட்டில்ல கொண்டு வந்த வெந்நீர ஊத்தினேன்.

"நாலு வார்த்தை திட்டிடும்மா"ன்னேன். அழுகை வந்துடுச்சு.

"திட்டத் தெம்பு இல்லக்கா. நாலு நாளாத் தூக்கமே இல்ல. சிட்டுக்குக் காய்ச்சல்."

சிட்டு அவ பொண்ணு. நாலு வயசு.

"அடிப்பாவி, ஏண்டி யார்கிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? என் தொட்டியாலதான்னு நானே நம்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்தா நீங்க அங்க இருப்பீங்க. அத்தனை பேர் முன்னால கேப்பீங்க. உங்க வாய்க்குப் பயந்துதான் மாத்திரையக் குடுத்து வீட்டுலயே வச்சிருந்தேன்." தட்டத் திருப்பிப் போட்டுத் தேச்சா. "நல்லவேளை, காலைல விட்டுருச்சுக்கா. உடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. அசந்து தூங்கறா. எழுப்பினாக்கூட முனகிட்டுத் திரும்பிப் படுத்துக்கறா."

கெட்டிலக் கீழ போட்டுட்டேன். ஆறு நாளா அந்த வார்டு நர்ஸ் ஒவ்வொரு தாய்கிட்டயும் தலைதலையா அடிச்சுக்கிட்டது இதைத்தான். காய்ச்சல் விடற நேரம்தான் ஆபத்து, கைகால் சில்லிட்டா ஒரு நிமிஷம் நிக்காதீங்கன்னு. மூணாவது கட்டில் குழந்தையையும் இப்படித்தான் "தூங்கறான்"னு தூக்கிட்டு வந்தாங்க.

படியில உருண்டு விழாத குறையா இறங்கினேன். தையல் மெஷினுக்குப் பக்கத்துல பாய்ல சிட்டு கெடந்தா. நெத்தியில வேர்வை. பாதத்தைத் தொட்டேன், ஈரத்துணி மாதிரி இருந்துச்சு. "சிட்டு"ன்னேன். பாதிக் கண்ணத் திறந்தா, மூடிக்கிட்டா.

வாசல்ல ஹார்ன். டாக்ஸியில இருந்து வீட்டுக்காரர் என் பையனக் கைத்தாங்கலா இறக்கிட்டிருந்தார்.

"வண்டிய அனுப்பாதீங்க!" தெருவே திரும்பிப் பாத்துச்சு. "இவன மேல கூட்டிட்டுப் போயி கொசுவலைக்குள்ள படுக்க வைங்க!"

"அம்மா"ன்னு பையன் கைய நீட்டினான். என் கையில சிட்டு இருந்தா. அவனத் தாண்டி வண்டிக்குள்ள ஏறினேன். தையல்காரி சோப்பு நுரை கையோட ஓடி வந்து ஏறினா.

"காய்ச்சல்தான் விட்டுருச்சேக்கா, இப்ப எதுக்கு..." என் மூஞ்சியப் பாத்துட்டுப் பாதியில நிறுத்தினா. என் தோளப் பிடிச்சு உலுக்கினா. "அக்கா, பேசுக்கா. அன்னைக்கு அவ்வளவு பேசுனியே, இப்ப ஏதாவது சொல்லுக்கா."

நான் சிட்டோட ரெண்டு பாதத்தையும் உள்ளங்கையில வச்சுத் தேச்சேன், தேச்சுக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரி கேட் தெரியற வரைக்கும் அது சூடாகவே இல்ல.