கசியும் குழாயும் ஒரு கதாசிரியரும்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவர் குமாஸ்தா. அங்கே எல்லோரும் அவரை 'இலக்கியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான். ஸ்டேப்ளர் எங்கே இலக்கியம் என்று யாராவது கேட்டால்கூட முகத்தில் சின்னதாக ஒரு வெட்கம் வந்து போகும்.

அதுவரை ஒன்பது கதைகள் எழுதியிருந்தார். மூன்று அச்சில் வந்தன. மூன்றிலும் ஒரு மனிதர் ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்தபடி வாழ்க்கையைப் பற்றி யோசிப்பார். கடைசிப் பத்தியில் மழை பெய்யும். இலக்கியத்தின் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். மூன்றாவது கதையைப் படித்துவிட்டு, "உங்க ஆளுங்களுக்கு ஊசி குத்தினா ரத்தம் வருமான்னு சந்தேகமா இருக்குங்க" என்றாள். இலக்கியம் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளில் படைப்பாளியின் தனிமை பற்றி ஒரு கட்டுரை எழுதி முடித்தார்.

அப்போதுதான் தையல் கடை அம்மாவின் கடிதங்கள் வர ஆரம்பித்தன.

முதல் கடிதம் சாதாரணமானது. கடை வாசலில் குழாய் கசிகிறது, தயவுசெய்து கவனிக்கவும். இலக்கியம் அதை மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டார். பத்து நாள் கழித்து இரண்டாவது வந்தது.

'ஐயா, உங்கள் தண்ணீர் இப்போது தவறாமல் என் கடைக்கு வருகிறது. அளவு கொடுக்க வந்த டீச்சர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றார். அப்படியே அளவெடுத்துத் தைத்தேன். இப்போது சட்டை ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. அவரிடம் உங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் உங்களை வாழ்த்துகிற ஒரே ஆள் செருப்பு தைப்பவர்தான்.'

இலக்கியம் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அவள் விக்கல் வரும்வரை சிரித்தாள். அவருடைய ஒன்பது கதைகளுக்கும் சேர்த்து அவள் அவ்வளவு சிரித்ததில்லை. சிரிக்க வேண்டிய கதைகள் இல்லைதான், இருந்தாலும் அவருக்கு உறுத்தியது.

விதிப்படி புகாரைப் பதிவேட்டில் ஏற்றிப் பொறியாளருக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவது கடிதம் வந்தபோது இலக்கியம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பொறியாளர் போனால் குழாய் சரியாகிவிடும். குழாய் சரியானால் கடிதம் நின்றுவிடும். கடிதத்தை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். இந்த முறை மறதி இல்லை.

பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் அனுப்பினார். அதில் பொய்யே கிடையாது. அந்த அலுவலகத்தில் எந்தப் புகாரையும் யாரும் அவ்வளவு ஆழமாகப் பரிசீலித்தது கிடையாது. சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டார், ஓரத்தில் 'அருமை' என்று எழுதினார். கலை தியாகத்தைக் கேட்கும் என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னார். தியாகம் செய்தது தையல் கடை அம்மா.

பதினான்கு கடிதம் சேர்ந்ததும் அவற்றைக் கோத்து ஒரு கதை எழுதினார். தையல் கடையைக் கைக்கடிகாரக் கடையாக மாற்றினார், அது அவருடைய கற்பனை. முடிவும் அவருடையதுதான். பொறியாளர் தானே தேடி வந்து குழாயைச் சரிசெய்ய, இருவரும் வானத்தைப் பார்க்க, மழை பெய்தது. கதை வெளியானபோது பத்திரிகை ஆசிரியர் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். 'முதல் முறையாக உங்கள் கதையில் ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார். கடைசிப் பக்கத்தில் இறந்துவிட்டார், பரவாயில்லை.' இலக்கியம் முதல் வாக்கியத்தை மட்டும் எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

அடுத்த வாரம் தையல் கடை அம்மா அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுக்க மறந்திருந்தார். கையில் அந்தப் பத்திரிகை. கடைக்கு வந்த யாரோ விட்டுப் போனதாம். கதையின் மேலே இருந்த பெயரும் பரிசீலனைப் பதில்களின் கீழே இருந்த பெயரும் ஒன்றுதான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தைப் பிரித்தார். அங்கங்கே துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியால் குறித்திருந்தார்.

இலக்கியம் தற்செயல் ஒற்றுமைகளைப் பற்றித் திக்கித் திணறி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, செருப்பு தைப்பவரைக் 'காலத்தின் மௌன சாட்சி' என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். அவர் மௌனமானவரே இல்லையாம், வாய் மூடாத மனிதராம். இலக்கியம் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

"சார், பதினாலு லெட்டரையும் படிச்சீங்களா?"

"ஒண்ணு விடாம படிச்சேம்மா. ஒவ்வொண்ணையும் நாலஞ்சு தடவை."

சொல்லும்போது அவர் குரலில் பெருமைகூட இருந்தது.

"அப்புறம் ஏன் சார் குழாய் இன்னும் ஒழுகுது?"

பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இலக்கியம் இழுப்பறையைத் திறந்து கடிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த அம்மா ஒன்றைப் பிரித்தார். சிவப்புக் கோடுகளையும் 'அருமை'யையும் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. நின்னுபோயிடுமோன்னு பயந்துட்டேன்" என்றார் இலக்கியம். வாழ்க்கையில் முதல் முறையாக அலங்காரமே இல்லாத ஒரு வாக்கியம் சொன்னார்.

தப்பாக வெட்டிய துணியைப் பார்ப்பதுபோல் அந்த அம்மா அவரைப் பார்த்தார். "நாலு மாசமா என் மெஷினுக்கு அடியில பலகை போட்டு உக்காந்து தைக்கிறேன். ஒழுக்கு நிக்கணும்னுதான் எழுதினேன். உங்களுக்குக் கதை வேணும்னு எழுதலை."

தலைமை எழுத்தர் கடிதங்களை வாங்கிக்கொண்டு பொறியாளர் அறைக்குப் போனார். மறுநாளே ஆட்கள் தோண்டி, குழாயின் இணைப்பு ஒன்றை மாற்றி, பகல் சாப்பாட்டுக்கு முன் மூடிவிட்டார்கள். இலக்கியத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. ஆறு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். ஒரு பக்கத்துக்கு மேல் யாரும் படிக்கவில்லை. அவரைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மாதக் கடைசியில் பத்திரிகையில் தையல் கடை அம்மாவின் வாசகர் கடிதம் ஒன்று வந்தது. 'கதையில் பொறியாளர் வருகிறார். எங்கள் தெருவுக்கு மாதக்கணக்கில் வரவில்லை, ஏனென்றால் கதாசிரியர் அவரிடம் சொல்லவே இல்லை.' அதன் கீழே ஆசிரியர் குழுவே அந்த அம்மாவைக் கதை எழுதித் தரும்படி கேட்டிருந்தது. கையில் நிறைய துணி இருக்கிறது, நேரமில்லை என்று அவர் பதில் போட்டுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. இலக்கியம் அந்த வாசகர் கடிதத்தை மூன்று முறை படித்தார். அவமானம் இரண்டாவது முறை படிக்கும்போதுதான் வந்தது. முதல் முறை வந்தது பொறாமை.

மனைவி திட்டவில்லை. "போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. பேச்சைச் சுருக்கமா முடிங்க" என்றாள்.

போனார். கடையில் தரை காய்ந்திருந்தது. மெஷினுக்கு அடியில் பலகை இல்லை. மன்னிப்புக் கேட்டார், சுருக்கமாகவே. அந்த அம்மா தையலை நிறுத்தாமல், சரி சார், விடுங்க என்றார். அதோடு திரும்பியிருக்கலாம். இலக்கியம் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஏழாவது லெட்டர்ல ஒரு வரி இருக்கும்மா. கதையில போட இடமில்லாம போச்சு. அதை மட்டும் எடுத்துக்கட்டுமா?"

மெஷின் நின்றது. முடியாது என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து, அந்த வரி இல்லாமலே, கடிதங்களை ஒளித்துவைக்கும் ஒரு குமாஸ்தாவைப் பற்றி எழுத உட்கார்ந்தார். மூன்று மாதமாகிறது, இரண்டாம் பக்கம் தாண்டவில்லை. முதல் பக்கம் பரவாயில்லை என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.