ஐந்து நட்சத்திரம் போட்டது யார்?

என் மகன் ஜாரெல் பள்ளியில் ஃபுட்பால், அதாவது கையால் எறிந்து ஆடும் எங்கள் அமெரிக்க ஃபுட்பால், ஆடியபோது, கல்லூரிகளுக்காகப் பள்ளிப் பிள்ளைகளை எடைபோடும் தரவரிசைக்காரர்கள் அவனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். அதற்கு மேல் கிடையாது. பந்து எறிகிறவனைப் பாய்ந்து வீழ்த்துவதில் அலபாமாவிலேயே இவனுக்கு நிகரில்லை என்றார்கள். எந்தக் கல்லூரிக்கு ஆடுவது என்று கையெழுத்துப் போடும் நாளில், கூப்பிட்ட நாலு கல்லூரிகளின் தொப்பிகள் மேசைமேல் இருந்தன. இவன் ஒன்றை எடுத்து மாட்டியதும் எங்கள் பாதிரியாரே நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். கல்லூரியில் இது நாலாவது வருஷம். அந்தத் தொப்பிக்காரர்கள் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் இடத்தில் ஆடுகிறவன் இரண்டு நட்சத்திரக்காரன். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிற ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். பெயர் கொடுக்கலாம், இல்லையென்றால் ஆட்டத்தை விட்டுவிட்டு என் அண்ணனின் மர ஆலையில் சேரலாம்.

“நான் நெசமாவே நல்லா ஆடுனேனாம்மா?” என்று சாப்பிடும்போது கேட்டான். “ஆடுனேன்னா இந்தக் கோச்சுதான் என்னைக் கெடுத்துட்டான், நான் வேற எடம் பாத்துக்குறேன். இல்லேன்னா சொல்லிடு, நாளைக்கே மாமாகிட்ட போயிடுறேன்.”

போட்டவர்களையே கேட்டுவிடுவோம் என்று நான்தான் கிளம்பினேன். நட்சத்திரம் போட்ட கிப் லேன்ட்ரம் மான்ட்கமரி சாலையில் ஒரு பார்பெக்யூ கடையில் விலா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். முதலில் மூன்றுதான் போட்டிருந்தாராம். பெரிய கல்லூரி இவனைக் கூப்பிடப் போகிறது என்று காதில் விழுந்ததும் ஐந்தாக்கினாராம். அவர்களுக்குத் தெரியாதது தனக்கா தெரியும் என்று என்னையே கேட்டார்.

அன்றைக்கு இவனைக் கல்லூரிக்குக் கூப்பிட்ட கோச் இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறார். அந்த ஆட்கள் எங்கே ஓரிடத்தில் தங்கினார்கள்? போனை முதல் மணியிலேயே எடுத்தார். ஜாரெலுக்கு அடுத்து ஆட ஒரு தம்பி வளர்ந்து நிற்கிறான் என்று நினைத்துவிட்டார் போல. இல்லை என்றதும் குரல் இறங்கிவிட்டது.

“கிப் அஞ்சு போடப் போறார்னு பேச்சு அடிபட்டுச்சு, மிஸ் வெர்னீஸ். நம்ம மாநிலத்து அஞ்சு நட்சத்திரத்தைக் கோட்டை விட்டா என் வேலை போயிரும். அதான் கூப்பிட்டேன்.”

அவன் ஆடியதைப் பார்த்தீர்களா என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். இரண்டு பேரும் பார்த்தது பள்ளிக்கூடம் அனுப்பிய ஒரு சின்ன வீடியோதான். அதில் நல்லது மட்டும்தானே இருக்கும்?

எனக்குத் தலை சுற்றியது. கோழி முந்தியா முட்டை முந்தியா என்பதாவது பரவாயில்லை, அங்கே கோழி என்று ஒன்று இருக்கிறது. நான் ஒரு ஆட்டம் விடாமல் போனவள்தான். ஆனால் நான் பார்த்ததெல்லாம், விழுந்த பிள்ளை எழுந்துவிட்டானா என்று மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை, குழப்பம் தீராமலே பெயரைக் கொடுத்துவிட்டான். மத்தியானத்துக்குள் தரவரிசைக்காரர்கள் அவனுக்குப் புதிதாக நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். நாலு வருஷமாகப் பெஞ்சைத் தேய்த்தவனுக்கு எதைப் பார்த்துப் போட்டார்களோ, கர்த்தருக்கே வெளிச்சம். அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாரம் முழுக்க அந்தப் பயல்களைத் திட்டித் தீர்த்த என் வாய்தான் முந்திக்கொண்டது.

“எத்தனைடா போட்டிருக்கான்?”

ஜாரெல் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

“அதை விடு. நீ எத்தனை போடுவ?”

ஐந்து என்றால், பெற்றவள் வேறு என்ன சொல்வாள் என்பான். நாலு என்றால், அந்த ஒன்றை எங்கே தொலைத்தோம் என்று தேடுவான். அவனிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

“எனக்குத் தெரியலடா,” என்றேன்.



“உனக்குமா?” என்றான்.