ஒன்பது வருஷக் கடற்கரை

என் மனைவி சுகிர்தராணியும் மகள் அஜிஷாவும் விசிட் விசாவில் துபாய்க்கு வர டிக்கெட் எடுத்த அன்று, சந்தோஷத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. ஏர்போர்ட்டில் எங்கே நிற்பீர்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை. வாராவாரம் நீங்கள் போகிற கடற்கரைக்கு எங்களை என்றைக்குக் கூட்டிப் போவீர்கள் என்றுதான் கேட்டாள். நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தக் கடற்கரையில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை.

கடலையே பார்க்கவில்லை என்று சொன்னால் பாவம் சேரும். நான் ஏசி டெக்னீஷியன். உயரமான கட்டடங்களின் மொட்டை மாடியில் ஏறி மெஷினைப் பழுதுபார்க்கும்போது, புழுதி இல்லாத நாளாக இருந்தால், தூரத்தில் நீலமாக ஒரு கோடு தெரியும். எனக்கும் கடலுக்கும் இருந்த உறவு அந்த ஒரு கோடுதான்.

பொய் ஆரம்பித்த கதை சின்னது. சுகிர்தா கடியபட்டணத்துக்காரி. அவள் அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது. வீட்டு வாசலில் இருந்து இருபது அடி எடுத்து வைத்தால் அலை. மனசு சரியில்லை என்றால் போய்க் கடலைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது அவள் வைத்தியம். கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற தக்கலைக்காரனான எனக்கு அது புரிந்ததில்லை. நான் இங்கே வந்த முதல் வாரத்தில், அங்கே கடல் இருக்கிறதா, போய் உட்கார்ந்தீர்களா என்று போனில் கேட்டாள். குரல் அழுகிற குரலாக இருந்தது. பக்கத்தில்தான் இருக்கிறது, லீவு அன்றைக்குப் போய் உட்கார்ந்தேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் குரல் அப்படியே தெளிந்துவிட்டது. அடுத்த வாரமும் கேட்டாள், அடுத்த வாரமும் போயிருந்தேன்.

உண்மையில் போயிருக்கலாம். யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. ஆனால் ஆறு நாள் வெயிலில் வெந்தவனுக்கு ஏழாவது நாள் துணி துவைப்பதும் தூங்குவதும்தான் வருகிறது. அப்புறம் பொய் சொல்லிச் சொல்லி, எனக்கே போய் வந்த மாதிரி இருந்தது. கராமாவில் எங்கள் ரூமில் ஆறு பேர் என்பதால் போன் பேச பில்டிங் மொட்டை மாடிக்குப் போவேன். வீடியோவில் வரச் சொல்லுவாள். கடற்கரையில் நெட் சரியில்லை என்பேன். நடுவில் இந்த நாட்டில் லீவு நாள் வெள்ளியில் இருந்து ஞாயிற்றுக்கு மாறியது, நானும் என் கடற்கரையை ஞாயிற்றுக்கு மாற்றிக்கொண்டேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். அஜிஷா பேசத் தொடங்கியதும் அவளுக்காக ஒரு பூனையையும் சேர்த்தேன். செம்பட்டை நிறம், ஒரு காது அறுந்தது, பெயர் சுல்தான். வாராவாரம் நான் மீன் துண்டு போடுவேன், சுல்தான் என் செருப்பில் தலை வைத்துத் தூங்கும். இப்போது பிள்ளைக்கு ஒன்பது வயது. சுல்தானுக்கென்று ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருப்பதாகப் போனில் சொன்னாள்.

நான் பயந்தது பூனைக்காக மட்டும் இல்லை. இந்தப் பொய் உடைந்தால் சுகிர்தா மற்றதையும் கிளறுவாள். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், கம்பெனியில் ஒரு குறையும் இல்லை என்று நான் சொன்னதெல்லாம் சந்தேகத்துக்குப் போகும். அதில் நான் உண்மையாகவே மறைத்து வைத்த ஒன்றும் இருந்தது. ஐந்தாவது வருஷம் பழைய கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் வேலை இல்லாமல், விசாவும் கேன்சலாகி, அடுத்த வேலை கிடைக்கும்வரை ரூமில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிற புருஷன் வாயால் சொல்வதை நம்பித்தானே ஒருத்தி அங்கே குடும்பம் நடத்துகிறாள். அந்த நம்பிக்கை போனால் எனக்கு வேறு எதுவும் கையில் இல்லை.

ரூமில் என் பக்கத்துக் கட்டில்காரர் கௌஸ் முகம்மது. கீழக்கரைக்காரர், பர் துபாயில் மீனா பஜார் ஜவுளிக் கடை ஒன்றில் சேல்ஸ்மேன், கடற்கரையெல்லாம் அவருக்கு அத்துபடி. விஷயத்தைச் சொன்னதும் பத்து நிமிஷம் சிரித்தார். பிறகு கடை பில் ஒன்றின் பின்பக்கத்தில் பிளான் போட்டுக் கொடுத்தார். எந்த பஸ், எங்கே மாற வேண்டும், எந்த ஸ்டாப்பில் மணி அடிக்க வேண்டும், கால் கழுவும் ஷவர் எந்தப் பக்கம், கழிப்பறை எந்தப் பக்கம், நிழல் எத்தனை மணிவரை இருக்கும், எல்லாம் அதில் இருந்தது. அம்பு போட்டு, கடலுக்கு அலைகூட வரைந்திருந்தார்.

ஒரு தடவை முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடு என்று அவர் சொன்னதுதான் புத்திசாலித்தனம். அவர்கள் வருவதற்கு முந்தைய ஞாயிறு அதற்கென்றே ஒதுக்கினேன். அன்றைக்குப் பார்த்து ஒரு ஹோட்டலில் மொத்த ஏசியும் நின்று எனக்கு டூட்டி போட்டுவிட்டார்கள். ஆகவே அந்த பில் காகிதத்தை, சின்ன வயதில் கோயிலில் சொல்லிக் கொடுத்த ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம் செய்தேன். கௌஸ் பாய் கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினார்.

“மாப்ள, நீ எதையும் தேடக் கூடாது. தேடுறவன்தான் மாட்டுவான். பாத்த எடத்துல நேரா போய் உக்காந்துரு.”

அவர்கள் வந்து, கராமாவிலேயே ஒரு குடும்பத்தின் ஃபிளாட்டில் ஒரு மாதத்துக்கு எடுத்த அறையில் குடியேறி, நான்காவது நாள் ஞாயிறு. டிசம்பர் மாதம் என்பதால் காலையில் குளிராகவே இருந்தது. சுகிர்தா விடியுமுன் எழுந்து மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் குழம்பு வைத்து, தூக்குவாளியில் கட்டினாள். அஜிஷா கருவாட்டுப் பொட்டலத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் இரண்டு தடவை எழுந்து இடம் மாறினார்.

முதல் தப்பு பஸ்ஸிலேயே நடந்தது. பதற்றத்தில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே மணி அடித்துவிட்டேன். இறங்கிப் பார்த்தால் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, கடலைக் காணவில்லை. இங்கே இறங்கி நடந்து போவதுதான் என் வழக்கம், உடம்புக்கு நல்லது என்றேன். இருபது நிமிஷம் நடந்தோம். சுகிர்தா தூக்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு தடவை அந்தப் பெட்ரோல் பங்கைத் திரும்பிப் பார்த்தாள்.

கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சந்து திரும்பியதும் கடல் வந்துவிட்டது. மணல் சலித்துக் கொட்டிய மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு காகிதம், ஒரு பிளாஸ்டிக் மூடி கிடையாது. ஓடுகிறவர்களுக்குத் தனிப் பாதை, உயரமான மேடையில் நீச்சல் காவலர், பச்சைக் கொடி. வாயைப் பிளக்க இருந்தவன், வாராவாரம் பார்க்கிறவன் வாயைப் பிளக்கமாட்டான் என்ற நினைவு வந்து மூடிக்கொண்டேன். சுகிர்தா இடுப்பில் கை வைத்து இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“நல்ல சுத்தமாத்தான் இருக்கு,” என்றாள். “ஒரு வள்ளம் இல்ல, ஒரு வலை இல்ல. இந்தக் கடல்ல யாருக்கும் ஒரு சோலியும் கிடையாதா?”

எனக்கு முதல் கண்டம் தாண்டியது. கால் கழுவ ஷவர் எங்கே என்று அஜிஷா கேட்டாள். பிளானில் இடது பக்கம். கம்பீரமாக இடது பக்கம் நடந்து ஒரு கதவைத் தள்ளினேன். அது சாமான் வைக்கிற அறை, பூட்டியிருந்தது. மாற்றிவிட்டார்கள் போல என்றேன். கழிப்பறையும் சொன்ன இடத்தில் இல்லை, அதையும் மாற்றிவிட்டார்கள். இந்த ஊரில் இது ஒரு வசதி. எதை மாற்றிவிட்டார்கள் என்றாலும் யாரும் மறுக்க முடியாது. பிறகுதான் உறைத்தது: கௌஸ் பாய் கடலுக்கு முதுகு காட்டி நின்று பிளான் போட்டிருக்கிறார்.

ஒரு ஈச்ச மரத்தடியில் விரிப்பைப் போட்டு, இதுதான் நான் உட்காரும் இடம் என்று உட்கார்ந்தேன். அஜிஷா பொட்டலத்தைப் பிரித்து, சுல்தான், சுல்தான் என்று கூப்பிட ஆரம்பித்தாள். சில பூனைகள் ஒரே இடத்தில் இருக்காது, வயதாகிவிட்டது, வந்தாலும் வராவிட்டாலும் வருத்தப்படக் கூடாது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அப்போது புதருக்குள் இருந்து ஒரு பூனை வந்தது. செம்பட்டை நிறம். இடது காதில் நுனியைக் காணோம், கத்தரித்து எடுத்தது போல.

கருவாட்டு வாசத்துக்கு எந்தப் பூனையும் வரும். காது விஷயமும் அதிசயம் இல்லை. தெருப் பூனைகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டு, அடையாளத்துக்காகக் காது நுனியை வெட்டிவிடுவார்கள் என்று பிற்பாடு கௌஸ் பாய் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. வானத்தைப் பார்த்து அந்தோணியாருக்கு நன்றி சொன்னேன். அஜிஷா சந்தோஷத்தில் குதித்தாள். உயிர் திரும்பி வந்து, இவன் எப்போதுமே இப்படித்தான் சரியான நேரத்துக்கு வந்துவிடுவான் என்று பூனையின் முதுகைத் தடவினேன். அது என்னைப் பார்த்துச் சீறியது.

அஜிஷா முதல் நெத்திலியை நீட்டும்போது செக்யூரிட்டி ஒருவர் வந்தார். நேபாளி என்று நினைக்கிறேன், மரியாதையான ஆள். தீனி போடக் கூடாது என்று இந்தியில் சொல்லி, எங்கள் மரத்துக்கு நேர் எதிரே இருந்த போர்டைக் காட்டினார். பூனைப் படம் போட்டு மேலே சிவப்புக் கோடு. மழையிலும் வெயிலிலும் வெளுத்துப்போன பழைய போர்டு. அதை மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்.

“பாய், ஃபர்ஸ்ட் டைம்?”

அஜிஷா என்னைப் பார்த்தாள். பதில் சுகிர்தாவிடம் இருந்து வந்தது. மூன்று விரலைக் காட்டி, நிதானமாகச் சொன்னாள்.

“எஸ். த்ரீ பீப்பிள். ஃபர்ஸ்ட் டைம்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பூனைக்கு இப்போது பசியில்லை என்று சொல்லி சுகிர்தா பொட்டலத்தை மூடினாள். காவலர் மேடைக்கு முன்னால், எங்கள் கண் எதிரே மட்டும் மணலில் விளையாட வேண்டும் என்று பிள்ளையை அனுப்பினாள். பிறகு தூக்கைத் திறந்து, எனக்குக் கிழங்கை எடுத்து வைத்து, மேலே மீன் குழம்பை ஊற்றினாள். நான் கையை வைக்கவில்லை. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

“மொதல் வாரமே தெரியும். கடற்கரையில இருந்துதான் போன் விளிக்கேன்னு சொல்லுவிய. ஒரு நாளாவது அலை சத்தம் கேட்டுதா? ஏதோ மெஷின் ஓடுத சத்தம்தான் கேட்டுது. நான் கடல்கரையில பொறந்தவ இல்லியா?”

மொட்டை மாடி ஏசி மெஷின்கள். வாழ்க்கையெல்லாம் அந்தச் சத்தத்திலேயே கிடந்ததால் எனக்கு அது சத்தமாகவே தெரியவில்லை. அப்படியானால் ஏன் கேட்கவில்லை, ஒன்பது வருஷம் ஏன் சும்மா இருந்தாய் என்றேன். என் குரலில் கோபம் இருந்தது, வெட்கம்தான் அப்படி வந்தது. அவள் கடலைப் பார்த்தபடியே பேசினாள்.

“நீங்க அந்தப் பூனையப் பத்திச் சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னா, அந்த வாரம் நீங்க நல்லா இருக்கியன்னு எனக்குத் தெரியும். நடுவுல ஒரு ரெண்டு மாசம் பூனையும் இல்ல, கடலும் இல்ல. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு மட்டும் சொன்னிய. அப்பம்தான் நான் பயந்தேன். தெனமும் குருசடியில போய் மெழுகுதிரி வச்சேன். பொறவு ஒரு நாள் சுல்தானுக்கு சளின்னு சொன்னிய. அன்னைக்குத்தான் நான் ஒறங்கினேன்.”

அந்த இரண்டு மாதம்தான். புது கம்பெனியில் கையெழுத்துப் போட்ட அன்று, மகிழ்ச்சியில் என்ன சொல்வதென்று தெரியாமல் பூனைக்குச் சளி என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் நான் ஒருவனே சுமந்ததாக நினைத்ததை இவள் அங்கே இருந்து மறுபக்கம் பிடித்திருக்கிறாள். அழுதேன். மறைக்கவில்லை. அப்புறம் கம்பெனி மூடியது, விசா, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். இறக்கி வைத்ததும் உடம்பு லேசானது; ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு ஆசுவாசம் எனக்குக் கிடைத்ததில்லை. கிழங்கு முழுவதையும் சாப்பிட்டேன், இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு, எழுந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, அஜிஷாவைத் தாண்டி அலை வரைக்கும் போனாள். முழங்கால் நனைய நின்றாள். என் சட்டைப் பையில் போன் அடித்தது. நான் வாங்கிக் கொடுத்த புது சிம்மில் இருந்து அவள்தான். எடுத்தேன். போனைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்திப் பிடித்திருந்தாள். ஓர் அலை வந்து, உடைந்து, திரும்பிப் போகிற சத்தம் முழுவதும் என் காதுக்குள் வந்தது.

“கேட்டுதா?” என்றாள். “நான் ஊருக்குப் போன பொறவு, இந்தச் சத்தத்தோட விளிக்கணும்.”

“விளிக்கேன்,” என்றேன்.