வெறும் வானம்

நோர்வேயில் கோப்பை கழுவும் என் பெரியம்மாவின் மகன் செல்வரட்ணம் ஆள்வசம் ஒரு கசற் அனுப்பியிருந்தான். பிளாக் மெற்றல் என்ற அலறல் பாட்டாம். பாட்டின் பொருளையும் கடிதத்தில் தமிழில் எழுதியிருந்தான்: 'சூரியன் அவிந்துவிட்டது. வானம் அடியில்லாத குழி. அங்கே உன்னைத் தெரிந்தவர் எவருமில்லை.' மூன்று நேரமும் சாப்பாடு கிடைக்கும் ஊரில் பயப்படவும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் கேட்க ஆசை வந்துவிட்டது.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. சண்டைக் காலம். எங்கள் புத்தூரில் மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்தால் டைனமோவில் கசற் றேடியோ பாடும். மெதுவாக மிதித்தால் பாடகன் பேய், வேகமாக மிதித்தால் கோழி.

எனக்கிருந்த ஒரே உத்தியோகம் காது. முந்தின வருடம் விழுந்த குண்டில் என் மனைவி குணலட்சுமிக்கு இரண்டு காதும் போய்விட்டன. வாயசைவைப் பார்த்துத்தான் கதை விளங்கிக்கொள்வாள். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது இடுப்பில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டிக்கொள்வாள். மறுமுனை கொட்டிலில் என்னிடம். குண்டு போடும் பொம்பரின் சத்தம் கேட்டால் நான் இழுக்க வேண்டும், அவள் பங்கர் குழிக்கு ஓட வேண்டும். ஊரார் 'மாடும் மேய்ப்பனும்' என்று பகிடி பண்ணுவார்கள். யார் மாடு என்பது எனக்கு அந்தக் கசற்றைப் போட்ட அன்றுதான் தெரிந்தது.

"இஞ்சருங்கோ, நித்திரை கொள்ளாதேங்கோ" என்று கயிற்றைத் தந்தாள்.

"நானோ?"

"வேறை ஆர் இஞ்சை குறட்டை விடுறது? எனக்குக் கேக்காதுதான். ஆனால் கட்டில் ஆடுது."

அவள் போனதும் கயிற்றை ஹாண்டிலில் முடிந்துவிட்டு மிதித்தேன். கிற்றார் இரைந்தது. பேய் அலறியது. ஹாண்டில் மூன்று தரம் குலுங்கியது. என் மிதியின் வேகம் என்று பெருமைப்பட்டேன். பாட்டின் அடியிலிருந்து ஓர் உறுமல் எழுந்து, வளர்ந்து, கூரை ஓலையை நடுங்க வைத்தது. என்ன வாசிப்பு என்று வியந்தேன். கால் உளைந்து மிதிப்பதை நிறுத்தினேன்.

பாட்டு நின்றது. உறுமல் நிற்கவில்லை.

கயிற்றை இழுத்தேன். பாரமே இல்லாமல் வந்தது. மறுமுனையில் ஆளில்லை.

வெங்காயப் பாத்திகளை மிதித்துக்கொண்டு ஓடினேன். கேட்காது என்று தெரிந்தும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வாய்க்காலில் மண்வெட்டி மட்டும் கிடந்தது. பங்கர் வாசலிலிருந்து ஒரு கை நான் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தது. அடுத்த கணம் எங்கோ கிழக்கே நிலம் குதித்தது.

"வாய்க்கால் தண்ணி நடுங்கினது. மூண்டு தரம் இழுத்தன்" என்றாள். "நீங்கள் வரேல்லை. அவிட்டுப்போட்டு ஓடி வந்தன். அப்பிடி என்ன பாட்டு?"

வாசல் வெளிச்சத்தில் உதட்டைக் காட்டிச் சொன்னேன். "வானம் வெறுமையாம். அங்கை ஒருத்தருமில்லையாம்."

அவள் வாசலால் மேலே பார்த்தாள். பொம்பர் இன்னும் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"எந்த நாளிலையிருந்தாம்?"

மறுநாள் அவள் கயிற்றை என் கையில் தரவில்லை. என் இடுப்பில் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"இனி உங்கடை பேயைப் பாட விடுங்கோ."

நான் மிதிக்கவில்லை. வானத்தில் ஒருவருமில்லாத அந்தக் காலை முழுக்கக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.