வெள்ளிக்கிழமைப் பாலைவனம்

மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் பாலைவனம் செய்ய நினைக்கிறவன் முதலில் மழையோடு மல்லுக்கட்ட வேண்டும். காலையில் பூசிய பசை மாலை வரை காயாது. காய்ந்துவிட்டது என்று நம்பி விரலை வைத்தால் மணல்மேடு விரலோடு வந்துவிடும். யாகூப் இந்த மல்லுக்கட்டைப் பதினொரு வருடமாக நடத்தி வருகிறான். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் போன் திருத்தும் கடை அவனுடையது. வயது நாற்பத்தைந்து, தாடியில் பாதி நரை. கடையைப் பூட்டி வந்தால் முன் ஹோலில் மேசையோடு ஒட்டிக்கொள்வான். மகள் பல்கலைக்கழக விடுதிக்குப் போன பிறகு அவளுடைய படிப்பு மேசையையும் பாலைவனம் பிடித்துக்கொண்டது.

ஆறு அங்குல வீரர் பொம்மைகள் இருக்கின்றனவே, கழுத்து, முழங்கை, இடுப்பு எல்லாம் மூட்டு மூட்டாகத் திரும்புகிறவை, அவற்றை இப்போது வளர்ந்த ஆண்கள்தான் சேர்க்கிறார்கள். குழந்தைகள் தொட்டால் பதறிப்போகிறார்கள். அந்தப் பொம்மைகள் அலுமாரிக்குள் சும்மா நின்றால் அழகில்லையாம், நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமாம். அந்த இடத்தை யாகூப் செய்து கொடுப்பான். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையை மேடு பள்ளமாக வெட்டி, பைண்டர் கம் பூசி, மேலே மணல் தூவி, சூடு காற்று மெஷினைப் பிடித்துக் காய வைப்பான். காடு செய்து தரச் சொன்னால் மாட்டேன் என்பான். இடிந்த நகரம் கேட்டாலும் அதே பதில். பாலைவனம் மட்டும்தான்.

ஏன் பாலைவனம் மட்டும் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. நமக்குத் தெரிந்தால் குற்றமில்லை. அவன் மனைவி நஸ்மியா ஆறு வருடம் சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்தவள். கட்டத் தொடங்கிய வீடு பாதியில் நிற்க, கடையும் படுத்துவிட, ஆறு வயது மகளை யாகூபின் உடன்பிறந்த ராத்தாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். போகிறேன் என்று முடிவெடுத்தவள் அவள்தான். ஆனால் தன் கையாலேயே அவளைத் தள்ளிவிட்டதாக யாகூபுக்கு ஒரு நினைப்பு. அவள் எங்கே இருக்கிறாள், சன்னலைத் திறந்தால் எதைப் பார்ப்பாள் என்று யோசித்து யோசித்து, அவள் போன மூன்றாவது வருடம் தன் முதல் பாலைவனத்தைச் செய்து பார்த்தான். அது பழக்கமாகிவிட்டது. அவள் திரும்பி வந்து எட்டு வருடம் ஆகியும் விடவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே என்பீர்கள். கேட்க அவனுக்குப் பயம். அழுதேன் என்று அவள் சொல்லிவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவளும் தானாக வாய் திறக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டால், இருந்தேன் வந்தேன் என்பாள், பேச்சு முடிந்துவிடும். ஆகவே யாகூபின் பாலைவனங்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. மஞ்சள் மேடுகள், ஒரு மாட்டு மண்டையோடு, உடைந்த வண்டிச் சக்கரம். பார்த்தாலே தொண்டை வறளும். அவன் நேரில் கண்ட ஆகப் பெரிய மணல்வெளியோ திருகோணமலைக் கடற்கரைதான்.

மாத்தளை டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் ரமேஸ் ஒரு நாள் மூன்று பொம்மைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். வாளும் செம்மேலங்கியும் உள்ள வீரன், ஒற்றைக் கண் இயந்திர மனிதன், பல்லி முகத்து வில்லன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டியில் கண்காட்சி. நாட்டிலுள்ள பொம்மைப் பைத்தியங்கள் எல்லாம் அங்கே கூடும். மூன்று பேரும் மோதிக்கொள்ள ஒரு பெரிய பாலைவனம் வேண்டும் என்று கேட்டான். யாகூபின் வேலை ஒரு ஹோலில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் வைக்கப்படப் போவது அதுதான் முதல் தடவை. அன்று அவன் சோற்றை எண்ணி எண்ணித்தான் சாப்பிட்டான்.

கவலை மணலைப் பற்றியது. சுது கங்கை ஆற்று மணலை எவ்வளவு சலித்தாலும், ஆறு அங்குல வீரனின் காலடியில் ஒவ்வொரு பரலும் புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தது. பொடி மணலுக்கு எங்கே போவது என்று திரிந்தவன் கண்ணில் குசினியிலிருந்த ரவை டப்பா பட்டது. பரல் அளவு அச்சொட்டாக இருந்தது. நஸ்மியா இல்லாத நேரம் பார்த்து ஒரு கிலோவை அள்ளி, சாயத் தேத்தண்ணியிலும் மஞ்சளிலும் நிறமேற்றி, சட்டியில் வறுத்து, மேடுகளின் மேல் தடிப்பாகத் தூவினான். வண்டு பிடிக்குமோ என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. மஞ்சள் இருக்கிற இடத்துக்குப் பூச்சி வராது என்று வாசனைச் சரக்கு விளையும் மாத்தளையில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையில் மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு இருந்துவிட்டான்.

மஞ்சளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கண்காட்சி வாரத்துப் புதன்கிழமை காலை நஸ்மியா தூசி தட்டத் துணியைத் தூக்கியபோது பாலைவனம் நடமாடிக்கொண்டிருந்தது. கபில நிற வண்டுகள் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கின. ஒன்று மாட்டு மண்டையோட்டின் கண்ணுக்குள் நுழைந்து மற்றக் கண் வழியாக வந்தது. கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த யாகூப் வாசலிலேயே நின்றுவிட்டான். ரவையைத் திருடியதற்கு ஏச்சு விழுமா, கண்காட்சிக்கு நாலே நாள் இருக்கிறதே, எதற்கு முதலில் வியர்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நஸ்மியா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு மேசையருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த மேடுகளை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள். எட்டு வருடமாகத் தூசி தட்டியிருக்கிறாள், ஒரு சொல் சொன்னதில்லை.

"இப்புடி எந்த இடமும் இல்லங்க" என்றாள்.

யாகூப் கடைக்குப் போகவில்லை.

அவள் சொல்லச் சொல்ல அவன் பழைய மேடுகளைச் சுரண்டி எறிந்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வண்டியில் ஊருக்கு வெளியே போவார்களாம். இவளும் பின் சீட்டில். தரை பெரும்பாலும் தட்டையாம், மணலை விடக் கல்லுத்தான் அதிகமாம். நிறமும் மஞ்சள் இல்லை, நன்றாக வெந்த செங்கல்லின் நிறம். வீதியோரம் கிழிந்த டயர் கிடக்கும். முள்செடிகளில் சொப்பிங் பேக் மாட்டிக்கொண்டு படபடக்கும். நல்ல இடமாகப் பார்த்துப் பெரிய கம்பளத்தை விரித்து, பிளாஸ்கில் தேநீரும் பேரீச்சம்பழமும் வைத்து, பொழுது சாய்ந்து மஃரிப் ஆகும் வரை கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

மணலை அவளே செய்தாள். உடைந்த மண் பூச்சாடியை அம்மியில் பொடித்து, மெல்லிய சால்வைத் துணியில் சலித்தாள். விழுந்த தூளைக் கையில் எடுத்து ஊதினால் பறந்தது. முள்செடிக்குக் கராம்புக் காம்பு, டயருக்குச் சைக்கிள் டியூப், கம்பளத்துக்குப் பழைய துணித் துண்டு, பிளாஸ்குக்குப் பேனா மூடி. பிறகு ரமேஸின் வீரனைத் தூக்கித் திருப்பிப் பார்த்து, இதுக்கு முட்டி மடங்குமா என்று கேட்டாள். மடங்கியது. பதினொரு வருடத்தில் யாகூப் ஒரு பொம்மையைக்கூட உட்கார வைத்துப் பார்த்ததில்லை. மூவரையும் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார வைத்தாள். வாளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பல்லி முகத்தான் கையில் பிளாஸ்கைக் கொடுத்தாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், தன்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கம்பளத்தில் இருந்தவர்கள் அவர்கள். இவள் எங்கே இருந்தாள்? கேள்வி யாகூபின் நாக்கு நுனி வரை வந்தது, உள்ளே போய்விட்டது. வாயால் கேட்க முடியாததைக் கையால் செய்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போன நேரம் தவிர நாள் முழுக்க உட்கார்ந்து, புட்டி எனும் பசைமாவைப் பிசைந்து ஒரு பெண்ணைச் செய்தான். உடல் மூடும் கறுப்பு அபாயா. கம்பளத்திலிருந்து தள்ளி, வண்டித் தடத்தின் ஓரத்தில், ஒரு கல்லின் மேல். முகம் முழங்காலில் புதைந்து, முதுகு வளைந்து இருந்தாள். முடித்தபோது அவன் கண்ணே கலங்கிவிட்டது. இவ்வளவு துயரத்தை இவ்வளவு சிறிதாகச் செய்துவிட்டேனே என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

நஸ்மியாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தான். அவள் நெற்றிதான் சுருங்கியது.

"தலைய ஏன் குனிய வச்சீங்க?"

அவன் கையிலிருந்த கத்தியை மேசையில் வைத்தான். எட்டு வருடமாகக் கேட்காதது அப்போதுதான் வெளியே வந்தது. கஷ்டப்பட்டாய்தானே, அழுதாய்தானே என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். மறைக்காமல் சொன்னாள். முதல் வருடம் அழுதிருக்கிறாள், மகளின் பிறந்தநாளில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். வீட்டில் வேலை ஓயாது. ஐந்து பிள்ளைகள், மூன்று மாடி. ஆனால் வெள்ளிக்கிழமை அப்படியில்லை. தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டால் மஃரிப் வரை யாரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள்.

"தள்ளிப் போய் உக்காருவேன். செருப்பக் கழட்டிட்டு மண்ணுல கால வச்சா இதமா இருக்கும். கண்ணுக்கு எதுக்கால ஒண்ணுமே இருக்காது. கூட்ட வேண்டாம், தொடைக்க வேண்டாம். அந்த ரெண்டு மணித்தியாலமும் நான் சந்தோசமா இருந்தேன். மகள நெனக்கல்ல. ஒங்களயும் நெனக்கல்ல."

பிறகு, வந்து சொன்னால் ஒங்க மனசு நோகும், ஊரும் ஒரு மாதிரி பார்க்கும் என்றுதான் சொல்லவில்லை என்றாள்.

யாகூபுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இங்கே அவன் சோறு இறங்காமல் கிடந்த வெள்ளிக்கிழமைகளில் அவள் அங்கே காலை நீட்டிக்கொண்டு அவனை மறந்து இருந்திருக்கிறாள். கோபம் வரும் என்று பார்த்தான், வரவில்லை. பதினான்கு வருடமாகத் தோளில் கிடந்த ஒரு மூட்டையை யாரோ பின்னாலிருந்து தூக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. பிறகு அவன் கத்தியை எடுத்து, இன்னும் இறுகாத புட்டியில் அந்தக் கழுத்தை மெதுவாக வெட்டி, தலையை நிமிர்த்தி வைத்தான். முதுகை நேராக்கினான். எந்தப் பக்கம் பார்ப்பாய் என்று கேட்டான். ஒண்ணும் இல்லாத பக்கம் என்றாள். காலை நீட்டி, வெறுங்காலாக்கி, அரிசியில் பாதி அளவில் இரண்டு செருப்புச் செய்து பக்கத்தில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கண்டியில் மழை இல்லை. தன் வீரன் தேநீர் குடிப்பதைக் கண்ட ரமேஸ் முதலில் மேசையைச் சுற்றி வந்து பார்த்தான். சண்டை எங்கே யாகூப் நானா, சண்டை எங்கே என்று இரண்டு தரம் கேட்டான். சனம் மற்ற மேசைகளை விட்டு இங்கே வந்து மொய்த்து, பல்லி முகத்தானைப் படமெடுக்கத் தொடங்கியதும், இது தன்னுடைய யோசனைதான் என்று சொல்லத் தொடங்கினான். யாகூபும் மறுக்கவில்லை.

நஸ்மியா மேசைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பட்டீஸ் தின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் குனிந்து வெகு நேரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த பெண்ணைக் காட்டி, இது அவர்களுடைய வேலைக்காரியா, ஏன் தனியே இருக்கிறாள், பாவம், என்று யாகூபைச் சிங்களத்தில் கேட்டான்.

யாகூப் வாயைத் திறந்தான். அதற்குள் நஸ்மியா பட்டீஸைக் கடதாசியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பாவம் ஒன்றுமில்லை, அங்கே இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவளுக்கு லீவு என்றாள். அவன் நம்பாதவன் போலப் பார்க்கவே, நான்தானே அது, எனக்குத் தெரியாதா என்று அவனையும் குனிய வைத்து, அந்தப் பெண் பார்க்கிற பக்கத்தைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். இன்னும் நாலைந்து பேர் கேட்க நெருங்கி வந்தார்கள். யாகூப் தன் கதிரையை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டு, தானும் அவர்களோடு நின்று கேட்டான்.