பரமசிவத்தின் இடது பாதம்

நோயாளியைச் சோதித்த படம் ஓடி முடிந்ததும், டாக்டர் எட்மண்டின் முதுகில் பேராசிரியர் தட்டிக்கொடுத்தார். லண்டனுக்கு அன்றைக்கே தந்தி அடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இருட்டறையில் தனியாக நின்ற எட்மண்ட், ஆசை அடங்காமல் படத்தை மறுபடி ஓட்டினார்.

தண்டுவடம் அறுந்த பூனைகளோடு ஆய்வில் பல வருஷம் கழித்தவர் அவர். பாதத்தைக் கீறினால் பூனையின் கால் தானாக மடங்கும். மூளைக்குச் சேதி போகாது. படத்தில் இருந்த நோயாளி பரமசிவமும் அப்படித்தான் இருந்தார். ஆற்றங்கரையில் தொங்கான் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கும்போது பலகை சறுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர். இந்த மாதம் திடீரென்று, கண்ணைத் துண்டால் கட்டிப் பாதத்தை ஊசியால் கீறினால், "எடது, டாக்டர்", "வலது" என்று பிசகாமல் சொன்னார். தொடாமல் கேட்டால் "ஒண்ணும் தெரியல" என்றார்.

அறுந்த தண்டுவடம் மறுபடி கூடியதாக எவரும் காட்டியதில்லை.

இரண்டாம் முறைதான் எட்மண்டின் பார்வை படத்தின் மூலைக்குப் போனது. தலைமாட்டில் பரமசிவத்தின் மனைவி பூவம்மா, கணவரின் இரண்டு கைகளையும் பிடித்தபடி நின்றாள். ஊசி இடது பாதத்தைத் தொட்டதும், அவருடைய இடது கையைப் பற்றியிருந்த அவள் விரல்கள் இறுகின. அதற்குப் பிறகே அவர் உதடு அசைந்தது.

மறுநாள் எட்மண்ட் வார்டுக்குப் போனபோது, பூவம்மா தேக்கா வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

"வாங்க டாக்டர்! இவரு படத்தை எந்தத் தியேட்டர்ல போடுவீங்க?"

"போட்டா நீதான் கதாநாயகி லா," என்றார் பரமசிவம். "கால் மட்டுந்தான் என்னோடது."

எட்மண்ட் அவளை வராந்தாவுக்கு அழைத்தார்.

"கையை அழுத்துறீங்கம்மா."

அவள் மறுக்கவில்லை. "தேறாதவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாமே. அடுத்த கட்டில் நூர்தீன் அண்ணன் அப்படித்தான் போனாரு. முதுகெல்லாம் புண்ணு வச்சு, ரெண்டே மாசத்துல முடிஞ்சுபோச்சு. நாங்க இருக்கறது மூணாவது மாடி, தட்டி மறைச்ச ரூமு. நான் வேலைக்குப் போயிட்டா இவரை யாரு புரட்டிப் போடுறது?"

"பொய்யை எப்படி எழுதுறது?"

"எழுதினா இவருக்குக் கட்டில் இருக்கும். உங்களுக்கும் பேருதானே, டாக்டர்?"

அது உண்மை என்பதுதான் எட்மண்டைச் சுட்டது. வார்டுக்குள் வந்தார். அவளை ஜன்னலோரம் நிற்கச் சொன்னார். பரமசிவத்தின் கண்ணைக் கட்டினார். அந்தக் கை இல்லாமலும் இவர் சொல்லிவிடுவார் என்ற நப்பாசை அவரை இன்னும் விடவில்லை.

இடது பாதத்தைக் கீறினார்.

முழங்கால் மடங்கி, போர்வையைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. ஜன்னலோரம் பூவம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பரமசிவத்தின் இடது கை மெத்தை விளிம்பெல்லாம் தடவித் தேடியது. பிறகு விரித்தபடி காத்திருந்தது.

"என்ன டாக்டர்," என்றார், "இன்னும் தொடலையா?"